என் கணக்கில் யாரும் சாக மாட்டார்கள்

உறவுமுறைக் கணக்கு சொல்லித்தருகிறவன் பிழைப்பு, கல்யாண வீட்டில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறவன் பிழைப்புதான். யாருக்கு யார் என்ன வேண்டும் என்று தெரியாமல் வாயைத் திறந்தால் வம்பு.

‘படத்தில் இருப்பவருடைய தாத்தாவின் ஒரே மகனின் மனைவி எனக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்வியில் மூச்சு முட்டி, ஏதோ ஒரு விடை வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்த அத்தனை பேருக்கும் என் அனுதாபங்கள். அந்தக் கணக்கைத்தான் நான் பதினோரு வருஷமாக நடத்துகிறேன். விருதுநகரில் பஸ் ஏறி சிவகாசி வந்து, ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் இருக்கும் அரசுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் வகுப்பெடுக்கிறேன். கீழே மெஷின் ஓடும், மேலே பெஞ்சு அதிரும். காலை வகுப்பு முழுக்கப் பெண்கள். பட்டாசு ஆலையை இங்கே ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்காரரை ஆபீஸ் வேனில் ஏற்றிவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக இங்கே வருவார்கள். வீட்டில் ஒரு அரசாங்க வேலை வந்துவிட்டால் மறுநாளே அவரை வேனில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் படிப்பது அதற்காகத்தான்.

சரியான தப்பு விடை

முதல் நாள் எளிதாக ஒன்று கொடுத்தேன். “ராணியின் அம்மாவுக்கு ஒரே தம்பி குமார். குமார் ராணிக்கு என்ன உறவு?” விடைகள் நான்கு: தாய்மாமன், அண்ணன், கணவர், மாமனார். வகுப்பிலேயே கெட்டிக்காரரான மாரீஸ்வரி ‘கணவர்’ என்று குறித்திருந்தார். பின்னால் இருந்த இரண்டு பேரும் அதையே குறித்திருந்தார்கள். காப்பி அடித்துவிட்டார்கள் என்று கோபம் வந்தது. விசாரித்தால் மூன்று பேருமே தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர்கள்.

கேள்வி தயாரிக்கிறவர்கள் எந்த ஊரோ, அங்கே இந்த வழக்கம் இல்லை போலிருக்கிறது, பரீட்சையில் தாய்மாமன் என்றே எழுதுங்கள் என்று கெஞ்சினேன். மாரீஸ்வரிக்கு மனசே ஆகவில்லை. “அவுக மாமந்தேன் சார், இல்லங்கல. தாலி கட்டி ஒம்போது வருசமாச்சு, இன்னும் மாமன்னே எழுதுனா அவுக என்ன நெனைப்பாக?”

ஒரு மரணம்

பெயர் இல்லாத கணக்கு மனதில் நிற்காது. அதனால் வகுப்பில் இருப்பவர்கள் பெயரைப் போட்டே கேள்வி எழுதுவது என் பழக்கம். அதற்கு நல்ல பெயரும் வாங்கியிருந்தேன். ஒருநாள் அந்தப் பெருமையில் கரும்பலகையில் எழுதினேன்: “மாரீஸ்வரியின் கணவர் இறந்துவிட்டார். அவருடைய அண்ணன் மகள்…”

அதற்கு மேல் எழுத முடியவில்லை. பேனா சத்தம், வளையல் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. திரும்பினால் யாரும் என்னைப் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. அவசர அவசரமாக அழித்தேன். துணியால் அழித்தது போதாதென்று கையாலும் தேய்த்தேன். அன்று சாயந்திரம் ஆபீஸ் வேன்கள் திரும்பும்வரை நான் ஊருக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, மாரீஸ்வரியின் கணவர் வேனிலிருந்து தூக்குவாளியோடு இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு டீ இறங்கியது. அதன்பின் என் கணக்கில் யாரும் சாவதில்லை, வெளியூர் போய்விடுவார்கள். அப்படி ஆக்கியது மாரீஸ்வரி அன்று எழுந்து நின்று சொன்ன சொல்: “விடியங்காட்டி அவுக வெடிமருந்து ரூமுக்குள்ள போகணும் சார். ஒங்க கணக்குக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க.”

இரண்டு கருப்பசாமிகள்

தேர்வு விண்ணப்பங்களை எங்கள் மையத்திலேயே கணினியில் ஏற்றிக்கொடுப்போம். அந்த வேலையைப் பார்ப்பவர் நாகராஜன். கணவர் பெயர் என்ற இடத்தில் மாரீஸ்வரிக்கும் கருப்பசாமி, இரண்டாவது பெஞ்சில் இருக்கும் கனகாவுக்கும் கருப்பசாமி. வேலை பார்க்கும் இடமும் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரே ஆபீஸ். இந்தப் பக்கம் குலசாமி பெயரை மூத்த பிள்ளைக்கு வைக்காத வீடு குறைவு. நாகராஜன் நாகர்கோவில்காரர். ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றிவிட்டோம் என்று பயந்துபோய் பட்டியலில் ஒரு பெயரைப் பேனாவால் அடித்துவிட்டார்.

ஆளுக்கொரு குடும்பப் படம் வரையச் சொல்லித்தான் அவருக்குப் புரியவைத்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மாரீஸ்வரி வீட்டில் நாலும் பெண், வரிசையாக வட்டம்தான். கனகாவுக்கு ஒரே தம்பி. அவனையும் கனகாவின் கணவர்தான் தன் ஆபீஸிலேயே சேர்த்துவிட்டிருக்கிறார். எல்லாம் விளங்கிய பிறகும் கனகா நாகராஜன் மேஜையை விட்டு நகரவில்லை. அடித்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “மொதல்ல அந்தப் பேர மறுபடி எழுதுங்க சார். ரெண்டு பேருமே நல்லாத்தேன் இருக்காக.”

விவரம் போதாது

பிறகு ஒருநாள் கரண்ட் இல்லை. கீழே மெஷின் ஓடவில்லை. ஆனால் பதினொன்றரை மணிக்கு பெஞ்சு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் குலுங்கி நின்றது. ஒருவரும் கத்தவில்லை. அத்தனை பேரும் போனை எடுத்தார்கள். மாடிப்படியில் நின்று பார்த்தேன். வெம்பக்கோட்டைத் திசையில் புகை. யாருக்கும் எதிர்முனையில் ஆள் கிடைக்கவில்லை. ஒருமணி நேரத்தில் எந்த ஆபீஸ் என்று தெரிந்தது. கருப்பசாமிகள் வேலை பார்க்கும் ஆபீஸ்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், வந்து சேர்ந்தவர்கள் பட்டியலைப் போட்டோ பிடித்து அனுப்பினார். நான்கு பெயர்கள். மூன்றாவது பெயரைச் சத்தமாகவே படித்துவிட்டேன்: கருப்பசாமி. ஊர் இல்லை, அப்பா பெயர் இல்லை. ‘தீக்காயம். மதுரைக்கு அனுப்பப்பட்டார். உடன் வந்தவர்: மனைவியின் தம்பி.’ அவ்வளவுதான். பதினோரு வருஷம் கணக்கு நடத்திய எனக்கு அந்த ஒற்றை வரி ஓடவில்லை. மாரீஸ்வரி போனை வாங்கிப் பார்த்தார். நோட்டின் பின்னட்டையில் ஒரு கட்டம், ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு போட்டார். வட்டத்துக்குப் பக்கத்தில் தம்பிக்கு இன்னொரு கட்டம் போடப்போன பேனா அப்படியே நின்றது. மாரீஸ்வரிக்குத் தம்பி கிடையாது. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்த நொடி, பக்கத்தில் நின்ற கனகாவைப் பார்த்தார்.

“அக்கா, எங்க ஆளா, ஒங்க ஆளா?” என்றார் கனகா. பரீட்சையில் நாலாவது விடையாக ‘விவரம் போதாது’ என்று ஒன்று இருக்கும். யோசிக்கச் சோம்பல்படுகிறவர்கள்தான் அதைத் தொடுவார்கள் என்று திட்டுவேன். மாரீஸ்வரி அதை ஒருநாளும் தொட்டதில்லை. இப்போது அந்த அட்டையைக் கிழித்துக் கசக்கினார். போனை என் சட்டைப்பையில் திணித்தார். கனகாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். “வெவரம் பத்தலடி. ரெண்டு பேருமே போயிப் பாப்போம், வா.”

கனகா போட்ட கணக்கு

கனகாவின் கணவருக்கு முதுகிலும் வலது கையிலும் காயம். ஏழு வாரம் மதுரையில் கிடந்து பிழைத்து வந்தார். மாரீஸ்வரியின் கணவர் அன்று வேறு ஷெட்டில் இருந்திருக்கிறார். ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த வாரமே மறுபடி வேனில் ஏறிவிட்டார். மாரீஸ்வரி வகுப்புக்கு வருகிறார், ஆனால் முன்னைப்போல் முதலில் கை தூக்குவதில்லை. இப்போதும் பதினொன்றரை மணியானால் கீழே மெஷின் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போவேன்.

கனகா திரும்பி வந்த அன்று அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்கும் மாரீஸ்வரிக்கும் அப்போதே தெரியும், சொல்லத் தைரியம் வரவில்லை, மன்னித்துவிடம்மா என்றேன். கனகா கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து தேதி போட்டுக்கொண்டே சொன்னார்: “எனக்கும் ஆட்டோவுல ஏறுறப்பவே தெரிஞ்சுபோச்சு சார். என் கையப் பிடிச்ச மாரியக்கா கை கொஞ்சங்கூட நடுங்கல.”

ஆக, இந்த ஊரில் உறவுமுறைக் கணக்குக்கு வாத்தியாரே தேவையில்லை, நான் சும்மா கேள்வியைப் படித்துக் காட்டுகிறவன்தான்.