சில்லென்றிருந்த டாங்கி

செல்லத்தாயின் விரல்கள் வெடித்துக் கிடந்த ஒரு சித்திரையில், அவளுடைய சோற்றுப் பைக்குள் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தைத்த விரலுறைகள் இருந்தன. நாளெல்லாம் செம்புக் கம்பி சுற்றுகிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? யார் வைத்தது என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? வேலயப் பாரு தாயி" என்று உக்கிரபாண்டி எரிந்து விழுந்தார். அவர் சட்டைப் பையில் கறுப்பு நூற்கண்டு துருத்திக்கொண்டிருந்தது.

விளாங்குடியில் டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் மெக்கானிக்கான அவருக்கு இருபத்திரண்டு வருஷம். அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கிணறு வற்றியதும் கரண்டு வேலைக்கு வந்தவர். எப்போதும் சிடுசிடுப்பு. இடது கை முழங்கைவரை வெந்து சுருங்கிய தோல். ஒரு டிரான்ஸ்பார்மர் வெடித்தபோது கூட நின்ற வீரணன் கொதியெண்ணெயில் செத்தான். இவர் அந்தக் கையோடு தப்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கீழக்குயில்குடிப் பக்கத்து மாவு மில்லுக்குப் போகவேண்டிய டிரான்ஸ்பார்மர் தயாராகி நின்றது. செல்லத்தாயின் தங்கை முத்துமீனா அந்த மில்லில்தான் வேலை. டிரான்ஸ்பார்மர் மேடையை ஒட்டித்தான் அவள் உட்கார்ந்து மாவு சலிக்கிற இடம்.

முதலாளி வெங்கடேஷ்பாபு புது எண்ணெய் வாங்காமல், வேறு ஏதோ இயந்திரத்தில் வடித்த கெட்டி எண்ணெயை ஊற்ற வைத்திருந்தார். கரண்டு கொடுத்து மூன்று மணி நேரம் ஆனதும் எண்ணெய் டாங்கியின் பக்கத் தகடுகளைத் தடவிப் பார்த்தார்.

"பாருய்யா, சில்லுன்னு இருக்கு! கெட்டி எண்ணெய்னா சும்மாவா?"

"சில்லுன்னு இருந்தா நல்லதுன்னு எவன் சொன்னது மொதலாளி?" உக்கிரபாண்டியின் குரல் தகரக் கூரையில் மோதியது. "உள்ள இரும்புப் பட்டையெல்லாம் காந்தமாகி மாறி மாறி இழுபட்டுக் கொதிக்குது. கம்பியும் கொதிக்குது. அந்தச் சூட்டுல எண்ணெய் தண்ணியா எளகி மேல ஏறணும், இந்தத் தகடு வழியா ஆறிக் கீழ எறங்கணும். அப்பத்தேன் சூடு வெளிய வரும். நீங்க ஊத்துனது கூழு மாதிரி அங்கனயே நிக்குது. மூடிக்குள்ள தெர்மாமீட்டரப் பாருங்க, தொண்ணூத்தெட்டு டிகிரி! வீரணன் செத்த அன்னைக்கும் தகடு சில்லுன்னுதேன் இருந்துச்சு!"

"யோவ், நீ என்ன காலேஜ் வாத்தியாரா?"

"இல்ல. வெந்தவன்."

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "செல்லத்தாய், பொட்ட வை. வண்டி கிளம்பட்டும்."

செல்லத்தாய் கையால் சந்தனமும் குங்குமமும் வாங்காமல் எந்த டிரான்ஸ்பார்மரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. கண்ணை மூடி, அழகரை நினைத்துத்தான் வைப்பாள். யாரையும் எதிர்த்துப் பேசி அறியாதவள். தட்டோடு வந்து தகட்டைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மேல்மூடியைத் தொட்டாள். கை பொத்துப்போனது. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை டாங்கிக்குப் பொட்டு வைத்திருக்கிறோம்?

"வைக்க மாட்டேன். அதுக்குப் பக்கத்துலதேன் என் தங்கச்சி உக்காந்திருக்கா. சாமி பேரச் சொல்லி அவ தலையில கொதியெண்ணெய ஊத்தச் சொல்றீகளா?"

தட்டை நங்கென்று தரையில் வைத்தாள். குங்குமம் சிதறியது.

கருப்பு என்ற லாரி டிரைவர் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டான். "அக்கா பொட்டு வைக்காதத நான் ஏத்த மாட்டேன் மொதலாளி. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

வெங்கடேஷ்பாபு பல்லைக் கடித்தார். எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றச் சொன்னார்; அதே மூச்சில், உக்கிரபாண்டி நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். செல்லத்தாயை ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் போலக் கம்பி சுற்ற வேறு ஆளில்லை.

உக்கிரபாண்டி ஸ்பானர்ப் பையைத் தோளில் மாட்டினார். இவள் வாசல்வரை ஓடினாள்.

"அண்ணே, உங்க பொழப்பு..."

அன்றைக்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கவே இல்லை. போகும்போதும் அந்த முகத்தில் கோபம் தணிந்திருக்கவில்லை.

"அழுகாத தாயி, எரிச்சலா வருது. புது எண்ணெய் ஊத்துனதும் கரண்டு குடுத்துத் தகட்ட மேலயும் கீழயும் தொட்டுப் பாரு. மேல சுட்டு, கீழ ஆறியிருந்தா பொட்டு வையி. இல்லேன்னா உங்க மொதலாளி நெத்தியில வையி."