யார் ட்யூனை யார் எடுத்தது?

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிறு காலை, தெரியாத எண்ணிலிருந்து போன். பெண் குரல். இந்தப் பத்தியை எழுதுகிறவர் நீங்கள்தானே என்று முதலில் உறுதி செய்துகொண்டது. பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எங்க அண்ணனைத் திருடன்னு எழுதியிருக்கீங்க சார்” என்றார்.

குரலில் கோபமே இல்லை. வீட்டுப்பாடத்தில் தப்புக் கண்டுபிடித்த டீச்சர் மாதிரி இருந்தது. (நிஜமாகவே கணக்கு டீச்சர்தான் என்பது பிறகு தெரிந்தது.)

நிமிர்ந்தவன் சாய்ந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வாரம் ஆர்ட் ராக், நியூ வேவ் என்ற இரண்டு வகை மேற்கத்திய இசையைப் பற்றி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆர்ட் ராக் என்றால் நீளமான தலைமுடி, அதைவிட நீளமான பாட்டு. முதலில் காற்று வீசும் சத்தம். அப்புறம் கீபோர்டு. பாடகர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நியூ வேவ்காரர்கள் பின்னால் வந்தவர்கள். கிராப் வெட்டியவர்கள். மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். பஸ் கிளம்பப்போகிறது என்ற அவசரத்தில் பாடுவார்கள்.

பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் அவர்களிடமிருந்துதான் எடுத்தார்கள் — இது என் கட்சி. கீபோர்டால் ஒரு சூழலை உண்டாக்குவது, பாடகன் மேடையில் நடிகனாக மாறுவது, கோணல்மாணலான தாளம்... எல்லாமே அண்ணன் சட்டையைத் தம்பி வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்ட கதை. முப்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லண்டனின் எந்தக் குழுவைக் கேட்டாலும் அதற்குத் தாய் தகப்பன் யார் என்று சொல்வேன். லண்டனை நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளூர் உதாரணம் ஒன்று கொடுத்தால் வாசகர்களுக்கு நெருக்கமாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன்.

மதுரையில் நான் கல்லூரியில் படித்தபோது என் வகுப்பில் செல்லத்துரை என்று ஒருவன். மேற்கே செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். கிடார் வாசிப்பான். அவனுடைய உயிர் நண்பன் அன்வர். தெற்குவாசலில் வீடு. கீபோர்டு வாசிப்பான். இருவரும் சேர்ந்து ஆர்ட் ராக் குழு ஒன்று தொடங்கினார்கள். பெயர் ‘செவன்த் கோபுரம்’. ஒரு பாட்டு இருபது நிமிடம். ஒரே வருடத்தில் அன்வருக்குப் பொறுமை போய்விட்டது. தனியாகப் பிரிந்து ‘ட்யூப்லைட்ஸ்’ என்று நியூ வேவ் குழு ஆரம்பித்தான். பெயருக்கு ஏற்றபடி கொஞ்சம் தாமதமாகத்தான் எரிந்தது. ஆனால் எரிந்தது.

கடைசி வருடக் கல்லூரி விழாவில் இரண்டு குழுவும் ஒரே மேடை. முதலில் ட்யூப்லைட்ஸ். அவர்களுடைய பாட்டு ஒரு கீபோர்டு துண்டோடு தொடங்கியது. ஏழு தட்டு ஓடும். எட்டாவதில் கால் வழுக்கியதுபோல ஒரு தடுமாற்றம். மறுபடி ஏழு. விசிலடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அடுத்து ஏறிய செல்லத்துரை, தன் இருபது நிமிடப் பாட்டின் நடுவில் கிடாரில் அதே துண்டை வாசித்தான். கூட்டம் சிரித்துவிட்டது. பாதியில் மேடையை விட்டு இறங்கி வந்து, என் ட்யூனைத் திருடிவிட்டான் என்று எல்லோர் முன்னிலையிலும் அன்வரின் சட்டையைப் பிடித்தான். அன்வர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

இதை எழுதி, கூடவே தீர்ப்பையும் எழுதியிருந்தேன். அன்வர்தான் செல்லத்துரையிடமிருந்து எடுத்தான். ஏன்? நியூ வேவ் எப்போதும் ஆர்ட் ராக்கிடமிருந்துதான் எடுக்கும். அந்த ஏழு கணக்கு லண்டன் ஆர்ட் ராக்கின் முத்திரை. செல்லத்துரைக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆமாம் என்றான். விசாரணை முடிந்தது.

திருட்டு என்ற வார்த்தையைக்கூடப் போடவில்லை. ‘தாக்கம்’ என்று நாகரிகமாகத்தான் எழுதினேன். இசையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அது ஒரு வசதி. திருட்டு என்றால் ஆதாரம் கேட்பார்கள். தாக்கம் என்றால் தலையாட்டுவார்கள்.

அன்வரின் தங்கை தலையாட்டவில்லை. பெயர் மெஹருன்னிசா. இரண்டு வருடத்துக்கு முன் அன்வர் மாரடைப்பில் இறந்துபோனதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்வரின் மகள் சபீரா நாங்கள் படித்த அதே கல்லூரியில் படிக்கிறாள். மாணவர்களின் வாட்ஸ்அப்பில் என் பத்தி சுற்றியிருக்கிறது. உங்கத்தா காப்பி அடிச்சவராமே என்று கூடப் படிக்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து, அத்தா நிஜமாகவே அப்படிச் செய்தாரா என்று கேட்டிருக்கிறாள்.

“எழுதுறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல ஒருத்தர்கிட்டயாச்சும் கேட்டீங்களா சார்?”

கேட்கவில்லை.  அதை ஒப்புக்கொண்டேன். ஒரு பழைய கேசட் இருக்கிறது, போட்டுக் கேட்க டேப் ரிக்கார்டர் இல்லை, உங்களிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். என்னிடம் இல்லாமலா? மூன்று இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் ஆனையூரில் அவர் வீட்டுக்குப் போனேன். ஐம்பதை நெருங்கும் வயது. சபீராவும் இருந்தாள். வாங்க என்றதோடு சரி, என்னைப் பார்க்கவே இல்லை. டீ வந்தது. கேசட்டைப் போட்டோம்.

முதலில் கடகடவென்று ஒரு சத்தம். டேப் ரிக்கார்டரில்தான் கோளாறு என்று நினைத்துக் கையை நீட்டினேன். மெஹருன்னிசா தடுத்தார். அது அவருடைய அம்மாவின் தையல் மிஷின். பெல்ட் தளர்ந்துபோன மிஷின். ஏழு தையல் ஒழுங்காக விழும், எட்டாவதில் பெல்ட் வழுக்கும், மறுபடி ஏழு. அது இருந்த உள்ளறையில் உட்கார்ந்துதான், மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன கீபோர்டை மெஹருன்னிசா வாசிப்பாராம். மிஷின் சத்தத்தை ஜெயிக்க முடியாது. அதனால் அதோடு சேர்ந்தே வாசித்துப் பழகிவிட்டார்.

கேசட்டில் இப்போது கீபோர்டு நுழைந்தது. ஏழு தட்டு, ஒரு தடுமாற்றம், ஏழு தட்டு.

லண்டனின் முத்திரை என்று நான் எழுதியது இதைத்தான்.

பிறகு அன்வரின் குரல். இன்னொரு தடவை வாசி என்கிறான். அவர் வாசிக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அன்வர், தணிந்த குரலில்: “மெஹரு, மெதுவா. ஹால்ல துரை உக்காந்திருக்கான்.”

கேசட் அங்கே முடிகிறது.

சபீரா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அத்தாவின் குரலைக் கேட்டு இரண்டு வருடமாகிறது அவளுக்கு.

நான் தயங்கித்தான் கேட்டேன். விழாவில் அன்வர் ஏன் வாயைத் திறக்கவில்லை?

“நான்தான் பேரைச் சொல்லாதேன்னு சொல்லியிருந்தேன் அண்ணே. அப்ப ப்ளஸ் டூ படிக்கிறேன். தெரிஞ்சா எங்கத்தா கீபோர்டை எடுத்துப் பீரோ மேல வச்சிருவாங்க. அண்ணன் வாக்கு குடுத்துட்டாரு. அம்புட்டுப் பேரு முன்னாடி சட்டையைப் பிடிச்சப்பவும் சொல்லல. நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்லாம இருந்துட்டேன்.”

‘சார்’ ஆக இருந்த நான் எப்போது ‘அண்ணே’ ஆனேன் என்று கவனித்தீர்களா? நான் கவனித்தேன். அதுதான் அதிகம் சுட்டது.

திருத்தம் எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. செல்லத்துரைக்கு இப்போது பழங்காநத்தத்தில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை. என் பத்தி வந்த நாளிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. பத்தியை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான். வாஷர் வாங்க வருகிறவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். போதாததற்கு எங்கள் பழைய கல்லூரியின் இசை மன்றம் ‘மதுரையின் முதல் ஆர்ட் ராக் கலைஞர்’ என்று சால்வை போடக் கூப்பிட்டிருந்தது. ஒரே கட்டுரையில் ஒருவனைத் திருடனாக்கி, இன்னொருவனை மேதையாக்கியிருக்கிறேன். எழுத்துக்குச் சக்தி இல்லை என்று யார் சொன்னது?

கடைக்குப் போய், கேசட்டைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் வருகிற அந்த ஒரு வரியையும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமல், பேரிங் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கடையில் வேறு ஆள் கிடையாது. அவனே எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். வந்து உட்கார்ந்தான்.

“ஹால்ல உக்காந்திருந்தேன் மாப்ள. உள்ளேயிருந்து வந்துச்சு. அவன்தான் வாசிக்கிறான்னு நெனச்சேன். தனியாப் போயிட்டானேன்னு வயித்தெரிச்சல் வேற. ரெண்டு நாளா மண்டைக்குள்ள அதுதான் ஓடுச்சு. எடுத்துக்கிட்டேன்.”

பிறகு ஏன் அவனைத் திருடன் என்றாய் என்று கேட்டேன்.

“கூட்டம் சிரிச்சிருச்சே. யாராவது ஒருத்தன் திருடனாகணும்ல? அவன் மறுத்துப் பேசுவான்னு பார்த்தேன். பேசல. அவன் பேசாம இருக்க இருக்க, நான் சொன்னது எனக்கே நெசமாப் போச்சு.”

 அன்வர் இறந்த செய்தி அவனுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. கபரஸ்தான் வாசல் வரைக்கும் போயிருக்கிறான். உள்ளே போக முகமில்லாமல் எதிர்ச்சாரியில் பைக்கை நிறுத்திவிட்டு, எல்லோரும் வெளியே வரும்வரை நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான். 

மெஹருன்னிசாவின் எண்ணைக் கேட்டான். கொடுத்தேன். அதற்குப் பிறகு நான்கு நாள் என் போனை எடுக்கவில்லை. சால்வை விழாவுக்கு வரமாட்டான், ஏதாவது காய்ச்சல் தலைவலி என்று சொல்லித் தப்பித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

போன சனிக்கிழமை மதியம் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கிடார் இல்லை. மூன்றாவது வரிசையில் மெஹருன்னிசாவும் சபீராவும் உட்கார்ந்திருந்தார்கள். அவன்தான் போனில் கூப்பிட்டு வரச் சொன்னானாம். எதற்கு என்று சொல்லவில்லையாம். சால்வையைப் போடவந்த மாணவர் தலைவனை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தான். 

“இது தப்பான ஆளுக்கு வந்திருக்கு. அந்த ட்யூன் என்னுது இல்ல. நான் எடுத்தேன். எடுத்துட்டு, என் கூட்டாளி அன்வர் மேல பழியைப் போட்டேன். அவன் கடைசி வரைக்கும் தாங்கிக்கிட்டான். அதை வாசிச்சவங்க அந்தா, அங்க உக்காந்திருக்காங்க.”

கை தட்டுவதா வேண்டாமா என்று மாணவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சபீராதான் முதலில் தட்டினாள்.

மெஹருன்னிசாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கீபோர்டைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது என்றார். இருந்தும் உட்கார்ந்தார். முதல் தடவை விரல் தப்பியது. இரண்டாம் தடவை வந்துவிட்டது. கூடச் சேர முயன்ற டிரம்ஸ் மாணவன் ஒவ்வொரு முறையும் எட்டாவதில் போய் முட்டிக்கொண்டான். அவர் வாசிப்பதை நிறுத்தாமலே, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னார்: “ஏழு வரைக்கும் எண்ணுப்பா. அப்புறம் எண்ணாத, மூச்சு விடு.” அவனுக்கும் பிடிபட்டுவிட்டது.

முப்பது வருடமாகத் தாக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்தக் குழு எந்தக் குழுவின் ரெக்கார்டைக் கேட்டது, யார் யாரோடு சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று அம்பு போட்டுக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். என் படத்தில் எல்லா அம்பும் மேடையிலிருந்து மேடைக்குத்தான் போகிறது. லண்டனிலும் எத்தனை உள்ளறை இருந்திருக்கும்? எத்தனை பேர், என் பேரைச் சொல்லாதே என்று சொல்லியிருப்பார்கள்? இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. நான் எழுதியதையெல்லாம் திருத்த உட்கார்ந்தால் இந்த ஆயுள் போதாது. ஒன்றையாவது திருத்துகிறேன்: அன்வர் யாரிடமிருந்தும் திருடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சபீரா மெஹருன்னிசாவோடு செல்லத்துரையிடம் வந்தாள். மன்னிப்பு பற்றியெல்லாம் பேசவில்லை. எங்கத்தா நல்லா வாசிப்பாரா என்று மட்டும் கேட்டாள்.

“அவனுக்கு வாசிக்கிறதை விட வாயை மூடிக்கிட்டு இருக்க நல்லாத் தெரியும்மா” என்றான். “எனக்கு ரெண்டுமே தெரியல.”

அவள் சிரித்தாள். எங்கள் மூன்று பேரில் யாரும் அவளிடம் எதிர்பார்க்காத சிரிப்பு அது.

வாசல் வரை வந்த செல்லத்துரை, பைக்கை உதைத்துக்கொண்டே என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான்.

“மாப்ள, என்னைத் திருடன்னே எழுது. ஆனா நல்ல காது உள்ள திருடன்னு எழுது.”

எழுதிவிட்டேன்.