கறுப்பில் கரைந்த முடி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ரமணிக்குக் கோபம் வந்தால், அர்ச்சனை கம்ப்யூட்டருக்குத்தான். தொண்ணூற்றெட்டில் ஒருநாள், பூமணி ஆன்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் மகளின் கல்யாண வீடியோவிலிருந்து ஆன்டியின் கணவர் படத்தை மட்டும் பின்னணி நீக்கி எடுத்தாள். அறுபதாம் கல்யாண அழைப்பிதழுக்கு. திறந்து பார்த்தால், நெற்றிக்கு மேல் முடியே இல்லை.

"சனியனே, முடிய எங்க தின்ன?"

திட்டி முடித்த பிறகே புரிந்தது. பின்னணி நீக்கிய இடத்தைத் திரை கறுப்பாகக் காட்டுகிறது; கறுப்பு முடி அதில் கரைந்துவிட்டது. அடியில் மஞ்சள் நிறம் வைத்தாள்.

"பாருங்க ஆன்டி, முடி வந்திடுச்சு லா."

"கறுப்பிலயே விடு பிள்ளை," என்றார் பூமணி. "அது கலியாணத்துக்கு எண்டு வச்ச விக். என்ர மனுசன் அந்த மொட்டைத்தலைதான்."