சகலை அடைத்த இடைவெளி

பாலத்துக்கு அடியில் நிற்கும்போது மேஸ்திரிக்கு மனசு கொஞ்சம் ஆறும். மேலே போனால் எரியும். மேலேதான் எல்லோரும் சகலையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இருவருக்கும் பாலப் பராமரிப்பில்தான் வேலை. அக்காவைக் கட்டியவர் மேஸ்திரி, தங்கையைக் கட்டியவன் சகலை. பாலத்தின் தளம் கரைச்சுவரைத் தொடும் இடத்தில் விரலளவு இடைவெளி இருந்தது. எந்த வண்டி ஏறினாலும் ‘தடக்’. பக்கத்துத் தெருக்காரர்கள் அந்தச் சத்தத்துக்காக மேஸ்திரியைத் திட்டாத நாளில்லை. புதிதாக மாற்றலாகி வந்த சகலை, ஒரு குளிர்காலக் காலையில் அதைக் காங்கிரீட்டால் நிரப்பி, துணி விரித்ததுபோல் தேய்த்துவிட்டான். சத்தம் போயிற்று. தெருவே வந்து கைகுலுக்கியது.

“இத்தனை வருஷமா நீங்களும் அங்கதானே இருந்தீங்க? உங்களுக்கு ஏன் தோணல?” என்றாள் மேஸ்திரியின் மனைவி.

“அது ஓட்டை இல்லடி. வெயில் வந்தா பாலம் நீளும். நீள இடம் வேணும்.”

“பாலம் எங்க நீளுது? உங்க மூஞ்சிதான் நீளுது.”

இன்ஜினியரிடம் சொன்னார். “சகலை பேர் வாங்கினா வயிறு எரியுதா மேஸ்திரி?” என்று அவர் சிரித்தார். எரிந்தது உண்மைதானே. அதற்குமேல் மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை.

வெயில் வந்தது. நீள இடமில்லாத தளம் கரைச்சுவரை நெட்டியது. சுவரில் மயிரிழைபோல் ஒரு விரிசல். மேஸ்திரி அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தது. முதலில் அவருக்கு வந்தது பயமல்ல, சந்தோஷம். மாட்டினான்!

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு சின்ன விரிசலைக் காட்டினால் மறுபடியும் பொறாமை என்பார்கள். இன்னும் கொஞ்சம் விரியட்டும், யாரும் மறுக்க முடியாதபடி விரியட்டும். உடைந்ததன்மேலேயே இன்னொரு கண்ணாடியை ஒட்டினார். சாப்பாட்டு வேளையில் தவறாமல் போய், செடியைப் பார்ப்பதுபோல் விரிசலைப் பார்த்து வந்தார்.

ஒரு மதியம் இரண்டாவது கண்ணாடியும் சிதறியது. சுவரிலிருந்து தலையளவு காங்கிரீட் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. அதே நேரம் மேலே ஏதோ வண்டி போனது. முன்பெல்லாம் ‘தடக்’கைக் கேட்டே இன்ன வண்டி என்று சொல்லிவிடுவார். இப்போது வழுக்கிக்கொண்டு போனது லாரியா, சகலை மகள் போகும் பள்ளி வேனா, தெரியவில்லை. ‘பெரியப்பா’ என்று அவர் சட்டைப்பையைத் துழாவும் பெண். மேட்டில் விழுந்தடித்து ஏறினார்.

சகலையைக் கையோடு இழுத்து வந்தார். அவன் முகம் வெளிறிப்போனது. “அண்ணே, இது நான் பண்ணதுதானே?” என்று கேட்டவன், பதிலுக்கு நிற்கவில்லை. நடுச்சாலையில் நின்று வண்டிகளை மறித்தான். இன்ஜினியரிடம் தப்பைத் தன் வாயாலேயே சொன்னான். நிரப்பியதைத் தானே வெட்டி எடுத்தான். சுவருக்கு முட்டுக்கொடுத்தார்கள். பாலம் பிழைத்தது.

‘தடக்’ திரும்பி வந்தது. திட்டும் மேஸ்திரிக்கே திரும்பி வந்தது. புகழ் மட்டும் வீடு மாறவில்லை.

“தப்ப ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்!” என்றாள் மனைவி. “பாத்துக் கத்துக்கோங்க.”

மறுநாள் பாலத்தடியில் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்த சகலை நிமிராமலே சொன்னான்.

“அண்ணே, ஒடஞ்ச கண்ணாடி மேலயே இன்னொண்ணு ஒட்டியிருந்துச்சு.”

மேஸ்திரி குனிந்து காலடியில் கிடந்த ஒரு சில்லைப் பொறுக்கினார்.

“நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க.”

சில்லுகளை வாளியில் கொட்டிவிட்டு அவன் போய்விட்டான். மேஸ்திரி அங்கேயே நின்றார். காட்டிக்கொடுத்திருந்தாலாவது அவனை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். தலைக்கு மேலே ‘தடக்’ என்றது. பள்ளி வேன்தான்.