வில்லாபுரத்தில் தைத்த கப்பல்பாய்

மதுரையில் கப்பல் விட்ட குடும்பம் என்று எங்களைத் தெருவே கேலி செய்தது. கேலி செய்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் என் மேல்தான். இத்தனை வயதுக்குப் பிறகு அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

இரண்டாம் உலக யுத்த காலம். அக்கா கொழும்பில் இருந்தாள். அங்கே சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்த மச்சான், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளோடு அக்கா தனியே நின்றாள். குண்டு விழும் என்ற பயத்தில் நம் சனமெல்லாம் ஊர் திரும்ப முண்டியடித்தது. தலைமன்னார் வழிக் கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அப்போதுதான் தொண்டியிலிருந்து ஒரு தோணி சரக்கோடு கொழும்புக்குப் போகப்போவதாகத் தெரிந்தது. அதை ஓட்டுகிறவரை அங்கே தண்டல் என்பார்கள். துணி தேடி மதுரைக்கு வந்த அவரை நான் ஒரு ஜவுளிக் கடையில் பார்த்தேன். யுத்தத்தில் பாய்க்கான கித்தான் துணி எங்கும் கிடைக்கவில்லை, தோணியின் பழைய பாய் நைந்துவிட்டது.

"நீங்க பாய் தச்சுக் குடுங்க தம்பி. போறதுக்கு வாடை, வாறதுக்குக் கச்சான். மாசி பிறக்குமுன்ன கெளம்பிட்டா, உங்க அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டியாந்து உங்க கையில ஒப்படைக்கிறேன்" என்றார்.

வடக்கேயிருந்து வீசும் வாடைக் காற்று நிற்பதற்குள் தோணி தெற்கே போயாக வேண்டும், தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது திரும்ப வேண்டும் என்பது அதன் பொருள். அன்றே அக்காவுக்குக் கடுதாசி எழுதினேன். தோணி வருகிறது, கப்பலுக்கு அலைய வேண்டாம் என்று.

எங்கள் தொழில் கோயில் தேர்களுக்குச் சீலை தைப்பது. தேரைச் சுற்றித் தொங்குகிற வண்ணச் சீலைகள். சாமிக்குப் போகிற துணி கோடித் துணியாகவே போக வேண்டும். தண்ணீர் பட்டால் அது பழந்துணி. எங்கள் வீட்டில் சீலைத் துணியை ஒருவர் ஈரக் கையால் தொட்டால்கூட ஏச்சு விழும். அப்படி வளர்ந்த கை என்னுடையது.

தண்டல் ஊருக்குக் கிளம்பும்போது சொன்னார்: "துணிய முதல்ல ரெண்டு நாள் ஊறப்போட்டுக் காயவச்சுட்டு வெட்டுங்க தம்பி. சுருங்க வேண்டியது இங்கயே சுருங்கிரட்டும்."

தலையாட்டினேன். மனசுக்குள் சிரித்தேன். மீன் வலை கட்டுகிற ஊர்க்காரர் எனக்குத் துணியைப் பற்றிப் பாடம் சொல்கிறாரா?

அவ்வளவு பெரிய பாயை விரிக்க எங்கள் வீடு போதாது. ஊருக்கு வெளியே வில்லாபுரத்தில் சொந்தக்காரர் ஒருவரின் நெற்களத்தை, அறுப்பு வரும்வரை கேட்டு வாங்கினேன். சுற்றிலும் வயல், நடுவில் நான், முழங்காலுக்குக் கீழே கெட்டியான காடாத் துணி. மெழுகு தடவிய நூலால் கைத்தையல். விரல் நுனியெல்லாம் வெடித்தது. வரப்பில் போகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள்.

"என்ன மாப்ள, வைகையில தண்ணி வந்ததும் எறக்கிருவியா?"

"எறக்குறப்பச் சொல்லிவிடுறேன், நீயும் வந்து ஏறிக்க" என்பேன். உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் அம்மா பேத்திக்குப் பாவாடையும் பேரனுக்குச் சட்டையும் எடுத்து வைத்திருந்தாள். தோணிக்காரர்கள் கையில் கொடுத்துவிட மாவு வறுத்துத் தகரத்தில் அடைத்தாள். தினமும் நான் சாப்பிட உட்கார்ந்ததும் ஒரே கேள்வி: "இன்னும் எம்புட்டுடா இருக்கு?"

தை பாதியில் தண்டல் ஓர் ஆளை அனுப்பிக் கேட்டார், துணியை நனைத்தாயிற்றா என்று. நனைத்தாயிற்று என்று சொல்லியனுப்பினேன். நேரமில்லை என்று இன்றைக்கு நான் சாக்குச் சொல்லலாம். நேரம் இருந்தது. கோடித் துணியைத் தண்ணீரில் அமுக்க என் கர்வம் விடவில்லை.

தை கடைசியில் பாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றித் தொண்டிக்குப் போனேன். கடற்கரையில் தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, எண்ணெய் பூசித் தயாராக வைத்திருந்தார்கள். தண்டல் என் தையலைத் தடவிப் பார்த்து, "நல்ல கை" என்றார். உப்பு நீர் அரிக்காமலிருக்க மரப்பட்டையைக் கொதிக்க வைத்த சாற்றில் பாயை முக்கி எடுத்து மணலில் விரித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அது கூனிவிட்டது. நெய்யும்போது பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி கரைந்து, ஒவ்வொரு துணிப் பட்டையும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கியது. ஓரத்தில் பிடித்துத் தைத்திருந்த கயிறு மட்டும் அப்படியே இருந்தது. இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள், தையல் பிளந்தது. காற்றுப் பிடிக்க அதில் தட்டையான இடமே இல்லை.

தண்டல் கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நனைச்சேன்னு சொன்னீங்களே தம்பி" என்றார். அவர் என்னை அடித்திருந்தால் தேவலை.

எல்லாத் தையலையும் பிரித்தோம். குறைந்த துணிக்கு மறுபடி மதுரைக்கு ஓடினேன், அலைந்து வாங்கினேன், ஊறவைத்தேன், காயவைத்தேன், வெட்டினேன். பாய் முடிந்தபோது பங்குனி. வாடை ஓய்ந்து காற்று எதிரே திரும்பியிருந்தது. சரக்குக்காரர் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோணியைக் கரையில் இழுத்துப் போட்டார்கள்.

அக்கா ஆடியில் வந்தாள், கப்பல் வழியாகத்தான். மாசியிலேயே அவளுக்கு மூன்று சீட்டு கிடைத்திருக்கிறது. தம்பி தோணி அனுப்புகிறான் என்று அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அப்புறம் இடமே கிடைக்கவில்லை. காத்திருந்த மாதங்களில் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, மூன்றாம் நாள் இறந்துவிட்டான். மூத்தவளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அம்மா எடுத்து வைத்திருந்த சட்டையை நான்தான் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்தேன்.

தோணி ஏன் வரவில்லை என்று அக்கா கேட்டாள். "காத்து திரும்பிருச்சு தாயி" என்றாள் அம்மா. அம்மாவுக்கு நான் சொல்லி வைத்தது அதுதான். பொய்யில்லை, காற்று திரும்பத்தான் செய்தது. நான் தலையைக் குனிந்து நின்றேன். அக்கா என் முதுகைத் தடவினாள். "நீ என்னடா செய்வ? காத்து உன் கையிலயா இருக்கு?"

அதற்குப் பிறகு முப்பது வருடம் ஒரே தெருவில் இருந்தோம். சின்னவன் நினைப்பு வரும்போதெல்லாம் அக்கா அந்தப் பாழாய்ப் போன காற்றைத் திட்டுவாள். கூட உட்கார்ந்து நானும் திட்டுவேன்.