சுருக்கு வைத்தவரும் சந்தனசாமியும்

சந்தனசாமி இறந்துவிட்டார் என்று பாச்சாங்கிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் வேலையாக இருந்தேன். அழுகை வரவில்லை. அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்ற குழப்பம்தான் முதலில் வந்தது.

வனவிலங்கு இலாகாவில் ரேஞ்சராக இருந்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். கோழிக்கூண்டில் மலைப்பாம்பு புகுந்தால் அவரைத்தான் கூப்பிடுவோம். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். என் அண்ணன் முருகையாவின் பள்ளித்தோழர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், காட்டுப்பன்றிக்காக அண்ணன் செம்பனைக் காட்டோரம் கம்பிச் சுருக்கு வைத்தார். மாட்டியது ஒரு தாப்பிர், வேட்டையாடக்கூடாது என்று சட்டம் காக்கும் அரிய காட்டு விலங்கு. பன்றியா யானைக்குட்டியா என்று எங்களுக்கே விளங்கவில்லை. கறுப்பு உடம்பில் வெள்ளைத் துணி போர்த்தியது போலிருந்தது. கம்பி காலை அறுத்திருந்தது. வெட்டிப் பங்கு போடலாம் என்றார்கள் சிலர். அண்ணன் அவர்களைத் தடுத்துவிட்டு, தோட்ட ஆபீசுக்கு ஓடிப்போய் சந்தனசாமிக்கு போன் செய்தார்.

அவர் ஆட்களோடு வந்து, மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, அதை லோரியில் ஏற்றினார். பிறகுதான் கேட்டார்.

"சுருக்கு யாரு வச்சது?"

"நான்தான்லா. பன்றிக்கு வச்சேன், இது வந்து மாட்டிக்கிச்சு."

"அப்ப நீயும் ஏறு, முருகையா."

அண்ணி குறுக்கே வந்து நின்றார். "அண்ணே, கூப்பிட்டதே அவருதானே! சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது, தங்கச்சி." லோரியின் கதவைத் திறந்து அண்ணனை ஏற்றினார்.

நீதிமன்றத்தில் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அவர். "இவர் கூப்பிடாவிட்டால் அது செத்திருக்கும்" என்று தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்றாடியவரும் அவரே. அண்ணனுக்குச் சிறை கிடைத்தது. தாப்பிர் பிழைத்து, வேறொரு காட்டில் விடப்பட்டது.

சில வருடங்களில் பாயா ரும்புட் பக்கம் வீடமைப்புக்காகப் புதர்க்காடுகளை அழித்தார்கள். நான் ஆத்திரத்தில் சந்தனசாமியிடமே கேட்டேன்: "ஒரு கம்பிக்கு ஜெயில். இந்த புல்டோசருக்கு?"

"அது என் அதிகாரத்துல இல்ல தம்பி. இருக்கறதையாவது நான் ஒழுங்கா செய்யணும்ல?"

அது பதிலா, நழுவலா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் அண்ணனிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சாவு வீட்டில் ஓரமாகவே உட்கார்ந்திருந்தவர், பாடையைத் தூக்கும்போது எழுந்துபோய்த் தோள் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "மன்னிச்சிட்டியாண்ணே?"

"தெரியலடா. தோள் கொடுக்கணும்னு தோணுச்சு."

அவரைப் பற்றி எனக்கென்று நான் வைத்துக்கொள்ளும் நினைவு ஒன்றுதான். அண்ணன் சிறையில் இருந்தபோது, பார்க்க அனுமதி கிடைக்கும் நாளெல்லாம் சந்தனசாமி தன் பழைய காரில் அண்ணியையும் என்னையும் கூட்டிப்போவார். அவர் மட்டும் உள்ளே வரமாட்டார்.

"வாங்கண்ணே" என்றால், "அவன் கூப்பிட்டா வரேன்" என்பார்.

அண்ணன் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. ஆனாலும் அடுத்த முறையும் எங்கள் வீட்டு வாசலில் அவருடைய கார் வந்து நிற்கும்.