களத்துப் பாறையும் தண்ணீர்த் தொட்டியும்

கொல்லிமலையில் ஊராட்சிச் செயலராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருந்தது பிளஸ் டூ படிப்பும் முருகன் துணையும்தான். மக்களைக் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானோ முடிவை எடுத்துவிட்டுக் கலந்து பேசப் போனேன்.

குண்டனி நாட்டுப் பக்கம் மேலூர், கீழூர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட உத்தரவு வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் இரண்டு ஊரும் ஒரே இடத்துக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் தொட்டி வேறு ஊராட்சிக்குப் போய்விடும். நானும் எஞ்சினியரும் உயரத்தில் ஒரு தட்டைப் பாறையைக் கண்டோம். புறம்போக்குதான். செருப்புக் காலோடு ஏறிச் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டோம்.

கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். டீ குடித்தார்கள், தீர்மானத்தைக் கேட்டார்கள், ஒருவரும் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்கள். தினமும் ஊற்றுக்கு நாலு நடை குடம் சுமக்கும் கீழூர் அம்மா ஒருவர் மட்டும் நின்றார்.

“ஏனுங்க, கோயிலுக்குள்ள செருப்போட போவீங்களா?”

“ஐயோ, இல்லீங்க.”

“எங்க களத்துல மட்டும் போனீங்களே? சாமையும் ராகியும் அந்தப் பாறையிலதானுங்க அடிக்கிறோம். அங்க தொட்டி வச்சா தண்ணியக் குடிச்சுட்டு எதைத் திங்கறதுங்க?”

நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போனவனுக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் பாறையில் ஏறி, மண்ணெண்ணெய்த் துணியால் குறியைத் துடைத்தேன். மேலூர் மிளகுத் தோட்டக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார்.

“நல்லாத் தேய்ங்க சாமி. உங்க ஆபீஸ் சுவரும் அழுக்காத்தான் இருக்குது.”

“இடத்த நீங்களே காட்டுங்களேன்” என்றேன்.

தன் தோட்டத்து மேல்மூலையைத் தருவதாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால், அது தாழ்வு, மேலூருக்குத் தண்ணீர் ஏறாது என்றார் எஞ்சினியர்.

“மலைய ஆபீஸ்ல உக்காந்து அளந்தீங்களா?” என்று கேட்டார் தோட்டக்காரர்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைக் கொண்டுவந்தோம். ஒரு முனையைத் தோட்டக்காரரும் மறுமுனையைக் கீழூர் அம்மாவும் பிடித்துக்கொண்டு, பாறையிலிருந்து தோட்டம் வரை மாற்றி மாற்றி வைத்துப் போனார்கள். இரண்டு ஊரும் பின்னாலேயே நடந்தது.

“ஆட்டாதீங்கண்ணா, தண்ணி உங்களாட்டமே ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது!” என்று தோட்டக்காரரை அதட்டினார் அந்த அம்மா.

கடைசியில் ஒரு முழம்தான் வித்தியாசம். தொட்டியின் தூணை ஒரு முழம் உயர்த்தினால் போதும் என்று எஞ்சினியரும் சிரித்துவிட்டார். முருகா என்று அங்கேயே தீர்மானம் எழுதினேன். காகிதம் வைக்க மேசை இல்லை. தோட்டக்காரர் குனிந்து முதுகைக் காட்டினார். ஆளாளுக்கு நிதானமாகக் கையெழுத்துப் போட, “சீக்கிரமுங்க, இது புறம்போக்கு இல்ல, என் முதுகு!” என்று கத்தினார்.

கீழூர்க் குழாயில் தண்ணீர் வந்த அன்று அந்த அம்மா சொன்னார்: “நாலு நடை பழகின காலு சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி உங்க ஊட்டுக்குக் காப்பி குடிக்க வாரேன்.”

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஞாயிறு காலை ஒரு படி சாமையோடு எங்கள் வாசலில் நின்றார். என் மனைவி போட்ட காப்பியில் இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.